சேலத்தில் சீக்கிரம் வந்துவிட்டேன்

ஜூன் 9, ஞாயிறு. இரும்புலியூர், தாம்பரம்.

இன்றிரவு சேலத்துக்கு ரயில். சென்னை சிறுசேரியில் இருக்கும் எங்கள் கம்பெனி அங்கே சின்னதாக ஒரு கிளை திறந்திருக்கிறது. புதியவர்களுக்கு ஒரு வாரம் வேலை சொல்லித்தர வேண்டும். பிடித்திருந்தால் அங்கேயே மாறிக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமை பதில் சொல் என்கிறார் மேனேஜர் சத்யநாராயணன் சார். நானா சொல்லித்தருவது? மீட்டிங்கில் "எஸ் சார்" தவிர வேறெதுவும் பேசியதில்லையே.

அப்பா ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து ஜெபம் பண்ணினார். ஆமென் சொன்ன கையோடு, "மலை கீதுன்றாங்க, நல்ல சோறு கீதான்னு பாரு" என்றார். அம்மா என் பையை இரண்டு முறை திறந்து மூடினாள். எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். ஊரை விட்டுப் போகும் முதல் ஆளும் ஆகிவிடுவேனோ என்று அவளுக்குப் பயம்.

ஜூன் 11, செவ்வாய். சேலம்.

மானம் போயிற்று. நேற்று ஓய்வு, இன்றுதான் ஆபீஸில் முதல் நாள். விடிந்ததும் குளித்து, ஓடிப்போய் பஸ் பிடித்தேன், தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குக் கிளம்புகிற மாதிரியே. சீட் சூடாவதற்குள் ஆபீஸ் வந்துவிட்டது. கதவு பூட்டு. சாவி வைத்திருக்கும் பூங்கொடி அக்கா வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க, ஆபீஸ் எங்கயாச்சும் ஓடிப் போயிருமா?"

"எங்க ஊர்ல இப்பவே கிளம்பினாதான்க்கா டைமுக்குப் போக முடியும்."

அக்காவுக்கு ஒரே சிரிப்பு.

ஆனால் அந்தப் படி! எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. மேம்பாலத்துக்குப் பின்னால், செல்போன் கோபுரத்துக்குப் பின்னால், பல் டாக்டர் போர்டுக்குப் பின்னால். எனக்குத் தெரிந்த மலை குன்றத்தூர் முருகன் கோயில் குன்றுதான். அதிலும் ஏறியதில்லை – நாங்கள் சர்ச்.

ஜூன் 12, புதன்.

இன்றும் சீக்கிரம். பழக்கத்தால் அல்ல, வேண்டுமென்றே.

ஜூன் 13, வியாழன்.

காலையில் அதே படியில் புதுப் பெண் ஒருத்தி சந்தேகம் கேட்டாள். சொல்லிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் மற்றவர்களும் சுற்றி நிற்கிறார்கள். நிறுத்தவில்லை. நானா அது?

"வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேனுங்க. ரேடியோவாட்டம் பேசறீங்க!" – பூங்கொடி அக்கா.

ஜூன் 14, வெள்ளி.

அம்மா போனில்: "கல்யாணம் பண்ற வயசுல இன்னாடி தனியா? வர்ற சம்பந்தம்லாம் இன்னா நினைக்கும்?"

எப்போதும் போல் "சரிம்மா" நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"நான் இங்கயே இருக்கேம்மா. பஸ்ஸுலயே என் வயசு போவுது."

மறுமுனையில் குக்கர் விசில். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மெதுவாக, "சர்ச்சு பக்கத்துல கீதா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாருக்குப் போன் செய்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்.

அப்பாவும் அம்மாவும் சேலத்தில் என் வாடகை வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். இன்னும் வெளுக்கவில்லை, அப்பா லைட்டைப் போட்டார். "எழுந்திரு, பஸ்ஸு போயிடும்!" அம்மா அதற்குள் எனக்கு டிபன் டப்பாவே கட்டிவிட்டாள்.

"ஆபீஸ் பக்கத்துலதான்ப்பா. நேரம் நிறைய கீது."

இருவரும் நம்பவில்லை. பால்கனியில் நாற்காலிகளைப் போட்டேன். அம்மா உட்கார்ந்தாள். மலைமேல் மேகம் விலக ஆரம்பித்தது. அப்பா நின்றபடியே கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தை.

பிறகு அவரும் உட்கார்ந்தார்.