ஜித்தாவுக்கு மூன்று நாள்

1956 ஜூன் 20, சாய்ந்தமருது

ஊர் முழுக்க இதே கதை. பெரிய வயற்காரர் ஸைனுலாப்தீன் போடியார் ஹஜ்ஜுக்குக் கப்பலில் அல்ல, பிளேனில் போகிறாராம். கொழும்பில் ஏறி, பம்பாய், கராச்சி, பஹ்ரைன் என்று இறங்கி ஏறி, மூன்றாம் நாள் ஜித்தா. பள்ளிக்கூடத்தில் பெனடிக் மாஸ்டரின் அட்லசில் நூல் வைத்து அளந்தேன். ஏறக்குறைய மூவாயிரம் மைல்.

அவர் வரம்பிலிருந்து எங்கள் வயல் கூப்பிடு தூரம். எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்து இரண்டு மாதம் ஆகிறது. தேர்தலில் அவர் சொன்ன ஆளுக்கு வாப்பா வோட்டுப் போடவில்லை; அதற்காகப் போடியார் வாய்க்காலை அடைத்துவிட்டார்.

ஜூன் 22

ஹஜ்ஜுக்குப் போகிறவர் ஊராரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் போடியார் வாப்பாவின் கையைப் பிடித்தார். "ஏதும் குத்தம் செஞ்சிருந்தாப் பொறுத்துக்கங்க தம்பி."

ஏதும்! அவருக்குத் தெரியாதா?

"பொறுத்தன் காக்கா" என்றார் வாப்பா, அண்ணன் முறை வைத்து. அத்தனை பேர் முன்னால் வேறென்ன சொல்வார்?

வீட்டுக்கு வந்து கத்தினேன். உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தார். "வாப்பா ஆரு பொறுக்க? வயல் என்ட சீதனமெலுவா?"

அதுதானே! வயலும் வளவும் பெண்ணுக்கு என்று ஊருக்கே தெரியும். பள்ளிவாசலுக்குள் ஆண்கள் கை குலுக்கினால் மட்டும் மறந்துவிடும்.

ஜூன் 24

சந்தையில் சத்தமாகவே சொன்னேன்: உம்மா பொறுக்கவில்லை.

போடியாரின் வயல் வேலைகளைப் பார்க்கும் ஜவுபர் பாய்ந்தான். "ஒன்ட வாயால மனிசன்ட பிளேன் விழப்போகுதுடா!"

"வாய்க்காலத் தொறந்தா விழாது."

ஜூன் 26

போடியார் வந்தார். உம்மா கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றார்.

"தங்கச்சி, ஆகாயத்தில போற பயணம். கப்பலெண்டாலும் நீந்தலாம். பொறுத்துக்க."

"பயிர் கருகுது காக்கா. தண்ணி வரட்டும், பொறுக்கன்."

"அல்லாஹ்வுக்காகக் கேக்கன்."

"நானும் அப்படித்தானே ரெண்டு மாசமாக் கேட்டன்?"

வாப்பாவுக்கு வியர்த்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

ஜூன் 27

தண்ணீர்! உம்மா "பொறுத்தன்" என்று சொல்லியனுப்பினார்.

ஜூலை 2

நேற்றுக் கொழும்பில் பிளேன் ஏறிவிட்டாராம். இன்று காலை ஜவுபர் மண்வெட்டியோடு வந்தான். வாய்க்காலை மறுபடி அடைக்க! போடியார் சொல்லிவிட்டுத்தான் போனாராம். ச்சீ, இதுவும் ஒரு ஹஜ்ஜா?

நான் அவன்மேல் பாயப் போனேன். உம்மா என்னைத் தள்ளிவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கினார்.

"ஒங்கட போடியார் இப்ப எங்க ஜவுபர்?"

"ஆகாயத்தில, ராத்தா."

"இறங்க இன்னும் ஒரு நாள் கிடக்கு. அடை. பொறுத்தன் எண்ட சொல்ல இப்பவே திருப்பி எடுக்கன்."

ஜவுபர் மேலே பார்த்தான். உம்மாவைப் பார்த்தான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஜூலை 4

ஜித்தாவில் சுகமாக இறங்கினாரென்று தந்தி. வாப்பாவுக்குப் பயம். "இனி அடைப்பானுகள்."

"திரும்பி வாறதும் பிளேனிலதானே?" என்றார் உம்மா.

போடியார் வருமுன் அறுப்பு முடிந்துவிடும்.

பின்னேரம் வயலுக்குப் போனேன். ஜவுபர் முழங்காலளவு தண்ணீரில் நின்று, வாய்க்காலில் அடைத்திருந்த பாசியை அள்ளிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தான்.