தொட்டும் அசையாத திரை

செவ்வாய், இரவு.

தாராவியில் காருக்குத் தொடுதிரை மாட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. விமானத்துக்கே மாட்டுவேன், யாரும் கூப்பிடவில்லை. இன்று வந்த காரில் படம் ஓடியது, தொட்டால் அசையவில்லை. படம் போகும் அதே கேபிளில்தான் தொட்ட சேதி, அதாவது இன்டரப்ட், திரும்பி வர வேண்டும். திரைப்பக்கத்து ‘பின்’ முனையைச் சேதி வாங்கும் இன்புட்டாகவும், காரின் போர்டுப்பக்கத்து முனையை அதை வெளியே தரும் அவுட்புட்டாகவும் லேப்டாப்பில் நான்தான் மாற்றினேன். விரல் பட்டதும் திரை துள்ளியது.

காட்கோபர் கார்க்காரர் பாராட்ட வாயெடுத்தார். கடையில் எனக்குக் கூடமாட நிற்கும் என் பெண்டாட்டியின் தம்பி செல்வம் முந்திக்கொண்டான்.

"அத்தான் ஸ்க்ரூ மட்டுந்தான் முடுக்குவாவ அண்ணாச்சி. செட்டிங் பூரா நாந்தான்."

நான் பக்கத்திலேயே நிற்கிறேன்!

ராத்திரி என் வீட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்: "அத்தான், நாளைக்கு முலுண்ட் காருக்கு எந்தப் பின்ன மாத்தணும்?"

"எனக்குத் தெரியாதுடே."

தெரியாது என்ற வார்த்தையை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு லேப்டாப்பைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன்.