அக்கரைக் கவுண்டிக்குப் போன மச்சான்

என் அன்பு மச்சான் துரை,

சும்மா கத்தாதே. உன் சாம்பலை நயாகரா ஆறு வரைக்கும் கொண்டுபோனது உனக்கு ஊர் சுற்றிக் காட்ட அல்ல. நம் ஸ்காபரோ ஏரிக்கரையிலேயே கரைத்திருந்தால் காலமையே வேலை முடிந்திருக்கும். எனக்கென்ன, உன்னைக் காவிக்கொண்டு திரிய ஆசையா?

ஐயரும் ஏசினார். "ஏன் அண்ணை இவ்வளவு தூரம்? இஞ்சயும் அதே ஏரிதானே!"

உன் மகன் நந்தன் காரை ஓட்டிக்கொண்டே, "மாமா, திஸ் இஸ் கிரேஸி" என்றான்.

"பேசாமல் ஓடடா. உன்ரை கொப்பர் படிப்பிச்ச தண்ணிப் பாடம் இது," என்றேன்.

நீதானே சொன்னாய்? நயாகரா ஆறு ஏரிக்குள் விழுந்ததும் கிழக்கே திரும்பி, அமெரிக்கக் கரையை ஒட்டியே போகும் என்று. அந்தக் கரையில்தான் நீ ஒரு பனிமாரி முழுக்க இருந்த கவுண்டி. கவுண்டி என்றால் எங்கள் மாவட்டம் மாதிரி. டோர்செட் பார்க்கில் நம் கட்டட வாசலில் குந்தியிருந்து எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! முன்னொரு காலம் ஏரி இன்னும் பெரிதாம். அதன் பழைய கரைமேட்டில்தான் இப்போது பெரிய றோட்டு ஓடுதாம். அங்கே கால்வாய் கட்டி முடித்த கொத்தர்கள் ஏரிக்கரையில் உருண்டைக் கல் பொறுக்கி வீடு கட்டினார்களாம். மிச்சமெல்லாம் அப்பிள் தோட்டமாம்.

"அமெரிக்கன் விதானையார் வாறார், எழும்புங்கோ!" என்று உன்னை ஊர்த்தலைவராக்கி நக்கலடிப்பேன். நீயும் சிரிப்பாய்.

ஏன் மச்சான், உன் தம்பி குணத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை?

கனடா எல்லையில் "பிறகு வாங்கோ" என்று அமெரிக்கா வழியாக அகதியாய் வந்த உங்கள் இருவரையும் திருப்பிவிட்டார்கள். அந்தக் கவுண்டியில் ஒரு தேவாலயக்காரர் இடம் கொடுத்தார்கள். அங்கேதான் குணத்துக்கு நிமோனியாக் காய்ச்சல் வந்தது, பிழைக்கவில்லை. அந்த நல்ல சனங்கள் தங்கள் வழக்கப்படி அவனை ஏரிக்கரை மயானத்தில் புதைத்தார்கள். எங்கள் பிள்ளையை எரிக்க வேண்டும் என்று சொல்ல உனக்கு அவர்களின் பாஷை வரவில்லை. இங்கே வந்த பிறகு திரும்பிப் போய்ப் பார்க்க விசாவும் தரவில்லை.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் இதெல்லாம் சொல்லிக் கேட்டாய்: "மச்சான், குணம் தனியக் கிடக்கிறான். என்னை அவனிட்டைக் கொண்டே விடு."

எனக்கு மட்டும் விசா தருகிறார்களா? தண்ணீரிடம்தான் ஒருவரும் விசா கேட்பதில்லை.

கட்டடத்தில் பாதிச் சனம் வீடு வாங்கி அஜக்ஸ் பக்கம் போய்விட்டது. வாசலில் நான் இனி யாரோடு கொழுவிச் சண்டை பிடிப்பது?

நேற்று ஆறு ஏரியோடு சேரும் இடத்தில் நந்தன் இறங்கி உன்னைக் கரைத்தான். உன் மனிசி, என் தங்கச்சி பூமணி, கரையில் நின்று கேட்டாள்:

"அண்ணை, இவர் தம்பியிட்டைப் போய்ச் சேருவாரோ?"

உன்னைப்போலவே கையை நீட்டித் தொடங்கினேன். "ஓம் பிள்ளை. ஆறு உதில திரும்பி, அங்காலை அந்தத் தோட்டங்களைத் தாண்டி, பிறகு..."

திரும்பிப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு காரடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

எனக்கு விசா வந்தால் முதலில் குணத்தின் கல்லறையடிக்குத்தான் போவேன், மச்சான். நீ வந்து சேர்ந்தாயோ என்று அவனைக் கேட்டு, பூமணிக்கு வந்து சொல்லுவேன்.

உன்னோடு கொழுவ இனி வழியில்லாத மச்சான்,
பூமணியின் அண்ணன்