யார் நடத்துகிறார் என்று பார்த்து எடு

என் கண்ணான மகளுக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே பஸ் ஓட்டி ஓட்டி வந்த அப்பாவின் முட்டிவலியைத் தவிர உடம்புக்குக் குறையில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. டாக்டரிடம் போங்கள் என்றால், டாக்டரே தினமும் என் பஸ்ஸில்தான் வருகிறார் என்று சிரிக்கிறார்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அண்ணன் காதில் விழும், அதனால்தான். போன ஞாயிற்றுக்கிழமை, அடுத்த பருவத்துக்கு மதிய வகுப்புகளாகப் பொறுக்கி எடுக்கிறேன், காலையில் தூங்கலாம், யார் நடத்தினால் என்ன, பாடம் ஒன்றுதானே என்றாய் அல்லவா. ஸ்பீக்கரில் அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். நீ வைத்த பிறகு தட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். என்னடா, உப்பு கூடிப்போச்சா என்று கேட்டேன். அப்போதுதான் வாய் திறந்தான்.

அவன் கல்லூரியை விட்டபோது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். படிப்பு பிடிக்கவில்லையாம் என்று உன்னிடம் சொன்னோம், எங்களிடமும் அவன் அதைத்தான் சொல்லியிருந்தான். பஸ் பாலத்தில் ஏறினால் ஜன்னலில் தலையை நீட்டித் தூண்களைப் பார்த்துக்கொண்டே வருவானே, பாலம் கட்டும் படிப்பு அவனுக்கா பிடிக்காது? நேரம் வசதியாக இருக்கிறதே என்று ஒரு வகுப்பில் சேர்ந்திருக்கிறான். அந்தப் பேராசிரியர் இவனுக்கு வாய் திக்குவதைக் கண்டுகொண்டு, வேண்டுமென்றே இவனையே எழுப்பி வாசிக்கச் சொல்வாராம். வார்த்தை வராமல் நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பாராம், வகுப்பே சிரிக்குமாம். ஒருநாள், "நீ கட்டுற பாலமும் பாதியிலதான் நிக்கும் போல" என்றாராம். மறுநாளிலிருந்து அந்த வகுப்புக்குப் போகவில்லை, பிறகு எந்த வகுப்புக்குமே போகவில்லை. எதிர் அறையில் அதே பாடத்தை ஒரு அம்மா நடத்தினாராம். யார் தப்பாகச் சொன்னாலும், "சரி, எப்படி யோசிச்சே, சொல்லு" என்று பொறுமையாகக் காத்திருப்பாராம், கதவு திறந்திருந்தால் இவனுக்குக் கேட்குமாம். "பார்சல் கிடங்குல யாரும் என்னைப் பேசச் சொல்றதில்லம்மா" என்றான். அந்த வேலையை விரும்பித்தான் செய்கிறான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தோமே. மறுபடி சேர்ந்து படிடா என்று அப்பா கெஞ்சினார். விடுங்கப்பா என்று கைகழுவ எழுந்துவிட்டான். அப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அதனால் தூக்கத்தைப் பார்த்து வகுப்பு எடுக்காதேடி. முதல் வாரம் எந்த வகுப்பிலும் உட்காரலாம் என்று நீதானே சொன்னாய். போய் உட்கார். யாராவது மக்குத்தனமாக ஒரு கேள்வி கேட்கும்போது பலகையைப் பார்க்காதே, நடத்துகிறவர் முகத்தைப் பார். இது என் புத்தியில்லை, அண்ணன் சொல்லச் சொன்னது. மூத்த பிள்ளைகளிடம் நல்லா மார்க் போடுவாரா என்று கேட்காமல், புரியலன்னு போனா உட்கார வச்சுப் பேசுவாரா என்று கேள். பெரிய பேர் என்று மயங்காதே, அண்ணனுக்கு வாய்த்தவரும் பேர் வாங்கியவர்தான். விடிகாலை வகுப்பானாலும் எடு, நான் போன் பண்ணி எழுப்புகிறேன்.

நல்ல மனசுள்ளவர் கையில் உன் படிப்பு போய்ச் சேரட்டும், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. யாரிடம் சேர்ந்தாய் என்று அவனே உன்னைக் கேட்க வேண்டுமாம். போனில் அவனுக்கு இன்னும் கஷ்டம், உன் நம்பரைப் போட்டுப் போட்டு வைத்துவிடுகிறான். கூப்பிட்டால் எடு. சத்தம் வரவில்லையே என்று வைத்துவிடாதே, வார்த்தையும் எடுத்துக் கொடுக்காதே. அவனே சொல்லி முடிக்கட்டும்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா