ஆறாவது சால்

இடைசெவல்,
11.10.2003

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

மாரிசெல்வி எழுதிக்கொள்வது. நானும் பிள்ளை முத்துசெல்வியும் நல்ல சுகம். முறுக்குக் கடையில் எண்ணெய்ச் சூட்டில் நிற்கும் உங்கள் உடம்புதான் எப்படியோ என்று இருக்கிறது. இதை நம் புஞ்சை வரப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் மருந்தடிக்கும் டேங்க், நிறைய மருந்தோடு இருக்கிறது. முழுதும் படிக்காமல் கோபப்படாதீர்கள்.

புதன்கிழமை விதைத்தோம். உங்கள் அண்ணாச்சி கூப்பிடாமலே தன் ஏரைப் பூட்டிக்கொண்டு வந்தார். அந்த மனசை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வருஷமும் நாலு ஏக்கரும் மக்காச்சோளம்தான் என்றார். அவர் ஏர் ஓட்ட, நான் பின்னால் விதை போட்டுப் போனேன். ஏர் பிடிக்கிறவர் திரும்பிப் பார்ப்பதில்லை அல்லவா? ஒவ்வொரு ஆறாவது உழவுச் சால் வரும்போதும் மடியில் கட்டியிருந்த பாசிப்பயறையும் தட்டாம்பயறையும் போட்டுவிட்டேன். கேட்டால் வேண்டாம் என்பார், அதனால் கேட்கவில்லை. வீட்டில் இருந்த விதை அவ்வளவுதான். சாயங்காலமே மழையும் பெய்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

போன வருஷம் கையால்தான் களை எடுத்தோம். இந்தத் தடவை மக்காச்சோளம் வாங்கும் கம்பெனிக்காரர் களைக்கொல்லி கொடுத்திருக்கிறார். விதைத்த மூன்றாம் நாள் அடித்தால் மக்காச்சோளத்தைத் தவிர ஒன்றும் தலை தூக்காதாம். பயறும் போச்சு. இந்த விஷயம் தெரியாமல் நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று போன் பூத்துக்கு உங்களிடம் சொல்லத்தான் போனேன். அண்ணாச்சி பக்கத்திலேயே நின்றார். நாளைக்கு மருந்தடிக்கிறேன் என்று அவர் சொல்ல, நீங்களும் சரி என்றீர்கள். நான் மழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

இரண்டு வருஷமாக நம் மண்ணில் விளைந்ததெல்லாம் கோழித் தீவனத்துக்கு லாரி ஏறிப் போயிற்று. நம் வீட்டில் ரேஷன் அரிசியும் புளித்தண்ணீரும். பங்குனியில் பிறந்த நம் பையன் ஒன்றே முக்கால் கிலோ. ஒன்பது நாள்தான் இருந்தான். நர்சம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உன் உடம்பிலேயே ரத்தம் இல்லை, பிள்ளைக்கு எங்கேயிருந்து வரும், பயறு விளைகிற ஊரில் இருந்துகொண்டு அதைத் தின்னத் தெரியாதா என்று ஏசினார்கள். நீங்கள் முறுக்குக் கடையில் இருந்தீர்கள். கேட்டது நான்.

இன்று காலை அண்ணாச்சி டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே போய் நின்று, போட்டதைச் சொன்னேன். “ஏம்மா, பயறு கடையில வாங்கிக்கிடலாம்லா. காடு களையாப் போச்சுன்னா தம்பிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்” என்றார். நாலு ஏக்கரையும் நானே களை எடுக்கிறேன் என்றேன். இந்த உடம்பை வச்சுக்கிட்டா என்று சிரித்துவிட்டு முதல் சாலுக்கு நடந்தார்.

அத்தான், வேறு வழி தெரியவில்லை. உங்களிடம்கூட இன்னும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் ஆடி மாசம் கோயில் கொடைக்கு வந்து போனதிலிருந்து மாசத்தை எண்ணிக்கொள்ளுங்கள். முன்பு போல ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள். என்னை மன்னித்துவிடுங்கள்.

அண்ணாச்சி டேங்கை இறக்கி வைத்தார். தம்பிக்குத் தெரியுமா என்றார். இல்லை என்றேன். அப்படியே வீட்டுக்கு நடந்துவிட்டார். அடிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தாலும் வருவார். அதுவரை நான் இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கப் போவதில்லை.

வெயிலுமுத்து மாமா இந்த வழியாகக் கோவில்பட்டிக்குப் போகிறார், அங்கே தபாலில் போட அவரிடம் கொடுத்து விடுகிறேன். உங்கள் கையில் கிடைக்க நாலு நாள் ஆகும். அதற்குள் பயறு முளைத்திருக்கும், அல்லது முளைக்காமலே போயிருக்கும். எதுவானாலும் அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள். என்னை ஏசுவதானால் ஊருக்கு வந்து ஏசுங்கள். தைக்குள் வந்துவிடுங்கள்.

உங்களைச் சாமி காப்பாற்றும். எங்கள் மூன்று பேரையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாரிசெல்வி