பத்தில் இரண்டு பேர்

1934 பிப்ரவரி 6, திருவானைக்காவல்

அம்மாவுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே கண்ணிலும் புரை முற்றிவிட்டது. இந்த மாதமே அறுக்க வேண்டுமாம். தள்ளிப்போட்டால் உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிடும். பத்தில் எட்டுப் பேருக்குப் பார்வை வரும் என்றார் டாக்டர் அற்புதசாமி. மற்ற இரண்டு பேர் யார் என்று கேட்டேன்.

"அதை முன்கூட்டிச் சொல்ல எனக்கு வித்தை தெரியாதுங்க."

கல்லூரியில் பிராபபிலிட்டிக் கணக்கு நடத்துகிறவன் நான். கரும்பலகையில் பத்துக்கு எட்டு நல்ல எண். வீட்டில் அந்த இரண்டு பேருக்கும் அம்மாவின் முகம்.

பிப்ரவரி 9

அம்மா அசரவில்லை. "எட்டுப் பேருக்குத் தெரியுதுன்னா போதும்டா. மானத்தப் பாத்து வெதச்சப்ப எனக்கு யாரு கணக்கு சொன்னா? நம்ம ஆத்தாகிட்ட மட்டும் பூக்கட்டிப் பாத்துருவோம்."

மூடநம்பிக்கை என்றேன். என் மனைவி வள்ளிக்கண்ணு சிரித்தாள். "பயம் உங்களுக்கு. அத்தை மேல ஏத்தாதீங்க."

பிப்ரவரி 13

துறையூர்ப் பக்கம், எங்கள் ஊர் மாரியம்மன் கோயில். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் கூடாது. அம்மாவுக்கு நிறம் தெரியாது. ஒரு இலையில் மல்லிகை, ஒன்றில் செவ்வரளி என்று மடித்துக் கட்டும் வேலை எனக்கு.

இரண்டிலும் அரளி வைத்தேன்.

எழுதினாலாவது வெட்கம் வருமா என்று எழுதுகிறேன். சாமியை நம்பாதவன் சாமி பெயரில் பொய் சொன்னேன். அம்மா ஒன்றை எடுத்தாள். பூசாரி வெள்ளைச்சாமி பிரித்தார். "செகப்பு. ஆத்தா வேணாங்குறா." அம்மா மற்றதையும் வாங்கி மடியில் முடிந்துகொண்டாள்.

பிப்ரவரி 14

நிம்மதி.

பிப்ரவரி 19

என்ன நிம்மதி — அறுத்தால் பார்வை போவது பத்தில் இரண்டு. அறுக்காவிட்டால் பத்துக்குப் பத்து. தெரிந்தேதான் இதைத் தேர்ந்தேன். ஏன்? இதில் முடிவு தெரியாமல் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்காகவா ஒரு கண்?

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 20

சொல்லவில்லை.

பிப்ரவரி 22

கல்லூரி விட்டு வந்தால் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு ராக்கம்மாள், "காலையிலேயே ஜட்கா வண்டி வச்சு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

ஓடினேன். அறுத்து முடித்திருந்தார்கள். இரண்டு கண்ணிலும் கட்டு. தலை அசையாமலிருக்க இருபுறமும் மணல் மூட்டை.

"அம்மா, அந்தப் பொட்டலம் —"

"மல்லின்னா மூக்குக்குத் தெரியாதா? ரெண்டும் அரளி. ஆத்தா வேணாங்கல, நீதான் வேணாங்குற."

"அங்கயே ஏம்மா சொல்லல?"

"ஊரு முன்னாடி உன்னத் தல குனிய வைக்கவா?"

நர்ஸ் என்னை வெளியே விரட்டினாள்.

பிப்ரவரி 26

கட்டு அவிழ்க்க, அறுத்ததிலிருந்து பத்து நாள். வள்ளிக்கண்ணு கஞ்சி ஊட்டுகிறாள். இருவரும் எதற்கோ சிரிக்கிறார்கள். எப்படி முடிகிறது இவர்களுக்கு? நான் தினமும் டாக்டரை வழிமறிக்கிறேன். இன்று அவரும் பொறுமை இழந்தார். "வாத்தியாரே, நீங்க கேக்கக் கேக்க அந்தக் கண்ணு மாறாது. வீட்டுக்குப் போங்க."

எரிச்சல். அவர் மேல் இல்லை.

மார்ச் 4

கட்டை அவிழ்த்தார்கள். டாக்டர் விரலைக் காட்டுவதற்குள் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"எதுக்குடா கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கிற?"

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.