பொய்க் குறட்டை

அன்புள்ள குருவிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் முழங்காலுக்கு மட்டும் இன்னும் சௌக்கியம் வந்து சேரவில்லை. அங்கே குளிர் தொடங்கியிருக்குமே, கழுத்தைச் சுற்றி ஏதாவது போட்டுக்கொள்கிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ அழுவாய், நான் இருமுவேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டாயா என்று கேட்பாள். விஷயம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

போன வாரம் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். பியானோவில் வாசிக்க வேண்டியது இரவைப் பற்றிய இசை, நாக்டர்ன். பெயரிலேயே நாக்கு இருக்கிறது, என் நாக்கில்தான் வரமாட்டேன் என்கிறது. தொடக்கமும் முடிவும் மெல்லப் போகின்றன. அது உனக்குக் கைவந்த கலை. நடுவில் ஒரு பக்கம் மட்டும் இடி மாதிரி முழங்க வேண்டும், அங்கே கை இறங்க மறுக்கிறது என்றாய். "யாரோ தூங்குற வீட்டுல வாசிக்கிற மாதிரி வாசிக்கிறியே" என்று உன் ஆசிரியை கேட்டாராம். ஏன் அப்படி ஆகிறது என்று உனக்கே தெரியவில்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்றாய். நான் "உன் இஷ்டம்மா" என்று சொல்லி வைத்தேன். அது ஒரு பதிலா?

நேற்று முன்தினம் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் டியூனரை வரவழைத்தேன். நீ வந்துவிட்டால் வாசிக்கிற நிலையில் இருக்கட்டுமே என்றுதான். மனிதர் முன்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், உங்க பியானோவுக்குக் குளிருமா?" என்றார். உள்ளே சுத்தியல்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கம்பளித் துண்டு தொங்கியது. பழுப்பு நிறம், பச்சைக் கோடு. என் போர்வையின் ஓரம். அந்தப் போர்வை திடீரென்று குட்டையாகி என் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததற்கு, வெந்நீரில் துவைத்துச் சுருக்கிவிட்டாய் என்று அம்மாவை எத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன். அவள் அதையெல்லாம் இரண்டு நாளாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"சத்தம் அமுங்கத்தான் போட்டிருக்கு. சின்னப் பிள்ளை வெட்டின மாதிரி இருக்கு" என்றார் டியூனர். அவ்வளவு கோணல். உனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது எந்த நாளுக்குப் பிறகு என்பதும் எனக்குத் தெரியும். அந்த நாளைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

மாலை நாலு மணிக்கு நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் எனக்கு அது நடு ராத்திரி. பேக்கரியில் இரவு ஷிப்ட் பார்க்கிறவனுக்கு அப்படித்தான். அன்றைக்கு ஓவன் கதவு பட்டு முழங்கை வெந்திருந்தது. நீ புதிதாகக் கற்றுக்கொண்டதை ஊரைக் கூட்டுகிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தாய். நான் எழுந்து வந்து பியானோ மூடியை ஓங்கிச் சாத்தினேன். உன் விரல்கள் மயிரிழையில் தப்பின. நீ அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று இன்றுவரை நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நீ என் குறட்டை கேட்டால்தான் வாசிக்க உட்கார்ந்தாய். கதவருகே வந்து நின்று காது கொடுப்பாய். குறட்டை நின்றால் உன் கையும் நின்றுவிடும். ஒரு வாரத்தில் இது எனக்குப் புரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதனால் குறட்டை விட்டேன்.

ஆமாம் குருவி, பாதி நாள் அது பொய்க் குறட்டை. நீ வீட்டை விட்டுக் கிளம்பும் வரை ஒன்பது வருஷம், படுத்தபடியே உன் வாசிப்பைக் கேட்டேன். எங்கோ தொலைவில் கேட்கிற மாதிரி இருக்கும். எனக்காக நீ மெல்ல வாசிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். என் போர்வை வழியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

இதை அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் அசரவே இல்லை. "உங்க நிஜக் குறட்டைக்குக் கடைசியில ஒரு விசில் வரும், பொய்க் குறட்டைக்கு வராது. தூங்குறவங்கள எழுப்பலாம், தூங்குற மாதிரி நடிக்கிறவங்கள எழுப்ப முடியுமா? அதான் விட்டுட்டேன்" என்கிறாள். இந்த வீட்டில் ஏமாந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

எனக்கு இசை தெரியாது. ஆனால் இரவு தெரியும். இரவு என்றால் அமைதி என்று சொல்பவர்கள் எல்லாம் இரவில் தூங்குபவர்கள். பேக்கரிக்கு வந்து பார். ஒரு மணிக்கு மாவு உப்பிக்கொண்டிருக்கும், நாங்களும் மெல்லத்தான் பேசுவோம். மூன்று மணிக்கு எல்லா ஓவனும் ஒன்றாகத் திறக்கும். தட்டுகள் மோதும், மேஸ்திரி கத்துவார், வெளியே வேன்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஐந்து மணிக்கு மறுபடியும் அடங்கிவிடும். ஆறுகிற ரொட்டியின் மேல்தோல் மெல்ல வெடிக்கிற சத்தம்கூடக் கேட்கும். உன் பாட்டை எழுதியவர் நிச்சயம் கண் விழித்தவர். நடுவில் அந்த மூன்று மணியை வைத்திருக்கிறாரே.

துண்டை எடுத்த பிறகு டியூனர் இரண்டு கையாலும் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அடுத்த வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். நம் பியானோவுக்கு இவ்வளவு குரல் இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. உனக்கும் மறந்திருக்கும். அம்மா அந்தத் துண்டை என் போர்வையிலேயே திரும்பத் தைத்துவிட்டாள். என் பாதம் இப்போது உள்ளே இருக்கிறது. இனி அது பியானோவுக்குப் போகாது.

நீ திரும்பி வந்தால் கதவு திறந்திருக்கிறது, அதில் மாற்றமில்லை. தேர்வில் தவறினாலும் நீ என் மகள்தான். ஆனால் என் தூக்கத்துக்காக அடக்கி வைத்த கையோடு வந்துவிடாதே. அன்றைக்கு மூடியைச் சாத்தியது என் தப்பு. உன் வாசிப்பில் ஒரு தப்பும் இல்லை. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். அப்பாவை மன்னித்துவிடு.

நீ தேர்வுக்கு உட்காருகிற நேரம் இங்கே மாலை நாலு மணி என்று கணக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். அன்றைக்குப் படுக்க மாட்டேன். பியானோ பக்கத்தில் நாற்காலி போட்டு, மூடியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பேன். வீட்டில் யாரும் தூங்கவில்லை, கண்ணு. உன் கை ஓங்கட்டும்.

விழித்திருக்கும்,
அப்பா